டேபிள் துடைக்கவா இத்தனை படிக்க வைத்தேன்?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) அறிவியல் படிக்கும் உங்கள் மகன் சிற்றுண்டிக் கடைத் தொடர் ஒன்றில் வேலைக்குச் சேர ஆசைப்படுகிறான். 'டேபிள் துடைக்கவா இத்தனை படிக்க வைத்தேன்' என்று அவன் அப்பா இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இளவயதில் பெங்களூருக்கு வந்து கிளாஸ் கழுவி, பிறகு தோசைக்கல் முன்னால் நின்றவரின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் நின்ற கடை வேறு, பையன் சொல்லும் கடை வேறு.

லால்பாக் சாலை எம்.டி.ஆர். (மாவள்ளி டிபன் ரூம்ஸ்) உணவகத்தையே பாருங்கள். உடுப்பிப் பக்கத்து மையா சகோதரர்கள் 1924இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காமல் போக, ரவையில் இட்லி வார்த்தார்கள். 1951இல் யக்ஞநாராயண மையா ஐரோப்பிய உணவகங்களைப் பார்த்துவந்து, அடுக்களைச் சுத்தத்தில் கறாரானார். நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு விலையை இறுக்கிப் பிடித்ததும் உணவகத்தை மூட நேர்ந்தது. ஆட்களை அனுப்பிவிடாமல், மாவையும் பொடியையும் பொட்டலம் போட்டு விற்றார்கள். அந்தப் பொட்டல வியாபாரம் 2007இல் நார்வேயின் ஆர்க்லா நிறுவனத்துக்குக் கைமாறியது. உணவகங்கள் குடும்பத்திடமே இருந்துவிட்டன.

ஒரே அடுக்களை இருக்கும்வரை, முதலாளி சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து 'உப்புப் பற்றாது' என்றால் போதும். பத்தாவது கிளைக்கு அந்த நாக்கு போகாது. புளி எத்தனை கிராம், டிசம்பர் குளிரில் மாவு கூடுதலாக எத்தனை மணி நேரம் புளிக்க வேண்டும், பொதுச் சமையற்கூடத்திலிருந்து வண்டியில் போகும் சட்னி எந்த நேரம்வரை கெடாது — இவற்றை அளந்து எழுதிவைக்க ஆள் வேண்டும். உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையம். கொள்முதல், கணக்கு எல்லாம் தனி.

என்னைக் கேட்டால், இந்தப் பையனுக்கு ஓட்டல் மேலாண்மையைவிட உணவுத் தொழில்நுட்பம் பொருந்தும். மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான தஞ்சாவூர் நிஃப்டெமில் பி.டெக். இருக்கிறது, ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். ஓட்டல் மேலாண்மைதான் என்று அடம்பிடித்தால், பெங்களூரு சேஷாத்ரி சாலையில் உள்ள அரசு ஓட்டல் மேலாண்மை நிறுவனத்துக்கு என்.சி.எச்.எம். என்ற தேசிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தனியார் கல்லூரி என்றால், பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று சீனியர் மாணவர்களிடம் கேளுங்கள். விளம்பரத்தை நம்பி ஒரு பெண்ணை நான் சேர்த்துவிட்ட கல்லூரி, ஆறு மாதமும் அவளைக் கல்யாண மண்டபத்தில் தட்டு அடுக்க வைத்தது. நான் விசாரித்திருக்க வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. குடும்பக் கம்பெனியில் உச்சி நாற்காலி பெரும்பாலும் மகனுக்கோ மருமகளுக்கோதான் போகும். தீபாவளியன்று உங்கள் பையன் வீட்டில் இருக்க மாட்டான்.

தேர்வு முடிந்ததும் பக்கத்துத் தர்ஷினி (நின்றபடி சாப்பிடும் சிற்றுண்டிக் கடை) ஒன்றில் ஒரு மாதம் நிற்கட்டும், காலை ஐந்து மணிக்கே. மாவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அப்பாவிடம்தான் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். வீட்டில் பேச்சு தொடங்க அது ஒரு வழி. பி.டெக்.குக்கு ஜே.இ.இ. எழுதக் கணிதம் வேண்டும்; அவன் அதை எடுத்திருக்கிறானா என்று நீங்கள் எழுதவில்லை. அதை உடனே தெரிவியுங்கள்.