சிற்பத்தைப் பார்க்கத் தோட்டம் தோட்டமாக நடக்க வேண்டுமா?

"சிற்பங்களை அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாமே, பழைய மாளிகைத் தோட்டங்களில் கொண்டுபோய் வைப்பதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். 2024 கோடையில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் உள்ள ஹவுட்டன் ஹாலுக்குப் போய்வந்தேன். நடந்துதான் பார்க்க வேண்டும் என்பேன்.

பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போல் 1720களில் கட்டத் தொடங்கிய மாளிகை அது. சுற்றிலும் வெள்ளை மான்கள் மேயும் பெரிய பூங்கா. அங்கே அந்த வருடம் பிரிட்டிஷ் சிற்பி ஆன்டனி கோர்ம்லியின் 'டைம் ஹொரைசன்' வைத்திருந்தார்கள். வார்ப்பிரும்பில் 100 மனித உருவங்கள், ஒவ்வொன்றும் சுமார் 620 கிலோ. 300 ஏக்கரில் பரவி நின்றன.

ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் கூட்டிப் போனேன். கட்டட மேஸ்திரியாக இருந்தவர். முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஓர் உருவம் புல்தரையில் நிற்கிறது, இன்னொன்று மார்பளவு மண்ணுக்குள் இருக்கிறது, வேறொன்று நம் தலைக்கு மேலே கான்கிரீட் தூணில். ஏன் இப்படி என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தலையிலிருந்து அடுத்த தலைக்குப் பார்வையை ஓட்டினார்.

"எல்லாத் தலையும் ஒரே மட்டம்ப்பா. ட்யூப்ல தண்ணி விட்டுப் பார்த்து வெச்ச மாதிரி இருக்கு."

அதேதான். நூறு உருவங்களும் ஒரே கிடைமட்டத்தில் இருந்தன. மாளிகைக்குள்ளேயும் ஒன்று உண்டு, அதில் தலையின் ஒரு பகுதி மட்டும் தரைக்கு மேலே தெரியும். வெளியே நிலம் இறங்கும் இடத்தில் தூண், ஏறும் இடத்தில் குழி. சில தூண்கள் 4 மீட்டர் உயரம். அந்தப் பூங்காவைச் சமதரை என்றே நினைத்து நடந்துகொண்டிருந்தேன். எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை அந்த இரும்பு மனிதர்கள் காட்டித்தான் தெரிந்துகொண்டேன். இதை எந்த அறைக்குள் வைத்துக் காட்ட முடியும்?

அப்புறம் தூறல் விழுந்தது. துருப்பிடித்த இரும்பு நனைந்து கறுத்தது, சற்று முன் பார்த்த உருவமே வேறாகத் தெரிந்தது. கோர்ம்லி இளவயதில், 1970களின் தொடக்கத்தில், இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி பௌத்த தியானம் பயின்றவர். மழையில் அசையாமல் நின்ற அந்த உடல்களைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது.

அந்தக் கண்காட்சி 2024 அக்டோபரோடு முடிந்துவிட்டது. நிரந்தரமாக இருக்கும் இடம் வேண்டுமென்றால் யார்க்‌ஷர் சிற்பப் பூங்காவுக்குப் போங்கள். பிரெட்டன் ஹால் மாளிகையின் நிலத்தில் 1977 முதல் இயங்குகிறது, 500 ஏக்கர். சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தின் 'ஃபேமிலி ஆஃப் மேன்' வெண்கல உருவங்கள் ஒன்பதும் அங்கே மலைச்சரிவில் நிற்கின்றன. நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், முழு நாளும் ஒதுக்குங்கள். நாங்கள் மதியத்துக்கு மேல்தான் ஹவுட்டன் போய்ச் சேர்ந்தோம். அப்பா எண்ணிக்கொண்டே வந்தார், பூங்காவை மூடும் நேரத்தில் 63 வரைதான் வந்திருந்தது.