மருத்துவர் பதில்: தீபாவளிக்குப் பிள்ளைக்கு இனிப்பை நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் கோலாலம்பூர், செந்தூலில் இருக்கிறோம். மகனுக்கு நான்கு வயது, மகளுக்குப் பத்து மாதம். ஒவ்வொரு தீபாவளிக்கும் பட்டர்வொர்த்தில் மாமியார் வீட்டில் நாலைந்து நாள் தங்குவோம். போன வருடம் இரண்டாம் நாளே மகன் ஆளே மாறிவிட்டான். கத்தல், தங்கச்சி முறைப் பிள்ளைகளை அடித்தல், இரவு பன்னிரண்டு மணியாகியும் தூக்கமில்லை. மூன்று நாள் வெளிக்குப் போகவில்லை. வீடு திரும்பியதும் காய்ச்சல். "இனிப்பு தலைக்கேறிடுச்சு" என்கிறார் என் அம்மா. அதனால் இந்த வருடம் அவனுக்கு இனிப்பே கிடையாது என்று முடிவு செய்திருக்கிறேன், கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. மகளுக்கு இது முதல் தீபாவளி. எண்ணெய்க் குளியல், மூக்கில் எண்ணெய், நாக்கில் தேன் எல்லாம் செய்யவேண்டும் என்கிறார் மாமியார். காரில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வர நாத்தனார் ஒரு சளி மருந்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார். எதைச் செய்யலாம், எதை விடவேண்டும்?

பதில்: சகோதரி, இனிப்பு விஷயத்தில் நான் உங்கள் கணவர் பக்கம்.

இனிப்பு சாப்பிட்டால் பிள்ளைகள் துள்ளுவார்கள் என்பது உலகம் முழுக்க இருக்கும் நம்பிக்கை. இதைப் பலமுறை சோதித்துப் பார்த்துவிட்டார்கள். சில பிள்ளைகளுக்குச் சர்க்கரை, சிலருக்கு அதே ருசியில் சர்க்கரை இல்லாத இனிப்பூட்டி. யாருக்கு எது என்று பிள்ளைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. அப்படி நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறியதாக அதில் தெரியவில்லை. அதற்கு முந்தைய வருடம் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு இதைவிடச் சுவையாகப் பட்டது. 'சர்க்கரை என் பையனுக்கு ஆகாது' என்று நம்பிய தாய்மார்களையும் அவர்களின் ஐந்து முதல் ஏழு வயது மகன்களையும் அழைத்தார்கள். எல்லாப் பையன்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். ஆனால் பாதித் தாய்மாரிடம் மட்டும் "உங்கள் மகனுக்குச் சர்க்கரை நிறையக் கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய்மார்தான் "இன்றைக்கு இவனைப் பிடிக்க முடியவில்லை" என்றார்கள். மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவனை அதிகம் திருத்தியதும் அவர்கள்தான்.

உங்கள் மகன் துள்ளவில்லை என்று நான் சொல்லவில்லை. துள்ளியிருப்பான், அடித்தும் இருப்பான். காரணம் வேறு. அந்த நாலு நாளில் அவன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று கணக்குப் பாருங்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும். நள்ளிரவில் படுத்தவனை விடியற்காலை நாலரைக்கு எண்ணெய் தேய்க்க எழுப்பினால் கிடைப்பது நாலரை மணி நேரம். பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்காருவோம். சின்னப் பிள்ளைகள் அதற்கு நேர்மாறு. ஓடுவார்கள், சிரிப்பார்கள், சின்ன விஷயத்துக்கு வெடித்து அழுவார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு அது இனிப்பின் வேலையாகத் தெரியும், ஏனென்றால் அவன் கையில் அப்போது ஒரு லட்டு இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. தீபாவளிக்கு முதல் நாள் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அடுப்படியில் முறுக்கு பிழிந்துகொண்டு இருந்திருப்பீர்கள். வயிற்றில் மகள், வீடு நிறைய அவனுக்குச் சரியாகப் பெயர் தெரியாத சொந்தங்கள், ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். மூன்று வயதுக்காரனுக்கு அம்மா கிடைக்கவில்லை. தங்கச்சி முறைப் பிள்ளைகளை அவன் அடித்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. காலையில் கால் மணி, மாலையில் கால் மணி, அவனை மட்டும் கூட்டிக்கொண்டு வாசலிலோ பக்கத்துத் தெருவிலோ நடந்துவிட்டு வாருங்கள். முறுக்கை யாராவது பிழியட்டும்.

ஆகவே காக்கவேண்டியது தூக்கத்தை. அவனுக்கு எண்ணெய்க் குளியல் ஏழு மணிக்கு நடந்தால் போதும். தீபாவளி அதற்குள் ஓடிவிடாது. பெரியவர்கள் வழக்கப்படி விடியுமுன் குளித்துக்கொள்ளட்டும். மதியம் ஒரு அறையை ஒதுக்கிக் கதவைச் சாத்தி, மின்விசிறியைப் போட்டு அவனோடு நீங்களும் படுங்கள். தூங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் கிடக்கட்டும். உறவினர் வீட்டு விருந்துகளை ஒரு நாளைக்கு இரண்டோடு நிறுத்துங்கள், முடிந்தால் மதியத்துக்கு முன்பே. இரவில் அவனுக்குப் பழகிய அதே தலையணை, அதே போர்வை, அதே கதை இருக்கட்டும்.

இனிப்பைச் சாப்பாட்டுக்குப் பின்னால் கொடுங்கள். பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதுதான் முக்கியம். சோறு சாப்பிட்ட கையோடு இரண்டு லட்டைத் தின்றுமுடிப்பவனைவிட, ஓர் அதிரசத்தைக் காலையிலிருந்து மாலைவரை கடித்துக்கொண்டே திரிபவன் பல்லுக்குத்தான் கேடு அதிகம். ரோஸ் சிரப்பும் மைலோவும் குவளை குவளையாகப் போவதைக் குறைத்துத் தண்ணீர் கொடுங்கள். இரவு படுக்குமுன் பட்டாணி அளவு பற்பசையில் பல் துலக்குவதை மட்டும் எவ்வளவு நேரமானாலும் விடாதீர்கள்.

மூன்று நாள் வெளிக்குப் போகாததற்கு மலச்சிக்கல் மருந்தைத் தேடுமுன் மாமியார் வீட்டுக் கழிவறையை நினைத்துப் பாருங்கள். குந்தி உட்காரும் பழைய கழிவறையா? வெளியே கதவைத் தட்ட ஆள் நிற்கிறார்களா? பழகாத இடத்தில் பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள். அடக்க அடக்க மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் இன்னும் அடக்குவார்கள். செந்தூல் வீட்டில் அவன் உட்காரும் சின்ன இருக்கையைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். காலைப் பசியாறியதும் ஐந்து நிமிடம் அவசரமில்லாமல் உட்காரவையுங்கள். பப்பாளி நன்றாக வேலை செய்யும். பாலைக் கொஞ்சம் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

வீடு திரும்பியதும் வந்த காய்ச்சலுக்கும் இனிப்பின்மேல் பழி போடமுடியாது. ஒரே வீட்டில் இருபது முப்பது பேர், ஒரே தட்டில் பல கைகள், மூக்கு ஒழுகும் ஒன்றுவிட்ட அண்ணன்மார். கை, கால், வாய் நோய் தொற்றினால் மூன்று முதல் ஆறு நாளில்தான் வெளியே தெரியும். விருந்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து காய்ச்சலாகும் கணக்கு அதுதான். இந்தக் கிருமிக்குக் கையில் தேய்க்கும் மதுசாரக் களிம்பு அவ்வளவாக உதவாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும்.

இனி மகள். என் கவலை மகனைவிட இவளைப் பற்றித்தான்.

தேன் வேண்டாம், ஒரு சொட்டுகூட. தேனில் சில சமயம் ஒருவகைப் பாக்டீரியாவின் விதைகள் இருக்கும். நம் குடல் அவற்றை வளரவிடாது. ஒரு வயது நிறையாத பிள்ளையின் குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கி, பிள்ளையின் தசைகளைத் தளரவைத்து மூச்சையே பாதிக்கலாம். அரிதான நோய், ஆனால் வந்தால் தீவிரச் சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோகும். காய்ச்சினாலும் விதைகள் சாகாது. தீபாவளி லேகியத்திலும் பல வீடுகளில் தேன் சேர்ப்பதால் அதையும் அவள் நாக்கில் தடவவேண்டாம்.

எண்ணெய்க் குளியலுக்குத் தடை இல்லை. உடம்பிலும் தலையிலும் மெதுவாகத் தேய்க்கலாம். மூக்கு, காது, கண் மூன்றிலும் ஒரு துளியும் விடக்கூடாது. தண்ணீர் தவறிப்போனால் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். எண்ணெய் அப்படி இருமலைத் தூண்டாமல் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் வழுக்கிப் போய்த் தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியா சாதாரண நிமோனியாபோல் மருந்துக்குச் சுலபமாகக் கேட்பதில்லை. எண்ணெய் பூசிய பிள்ளை கையில் நிற்காது என்பதால் நின்றுகொண்டு குளிப்பாட்டாமல் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து செய்யுங்கள். சாம்பிராணிப் புகையை அவளுக்குக் காட்டவேண்டாம், துண்டால் துவட்டினால் முடி காய்ந்துவிடும்.

இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்களுக்கு மருந்தைவிடக் கடினமான வேலை, எனக்குத் தெரியும். "டாக்டர் வேண்டாம்னுட்டார் அத்தை" என்று தாராளமாக என் தலையில் போடுங்கள். அதோடு கால், கை, முதுகுக்கு எண்ணெய் தேய்க்கும் வேலை முழுவதையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். இனிப்பாக ஏதாவது அவர் கையால் ஊட்டவேண்டும் என்றால் மசித்த வாழைப்பழம் இருக்கிறது. தீபாவளிக் காலை இட்லியை அவளும் சாப்பிடலாம். ஆட்டிறைச்சியில் மிளகாயும் உப்பும் சேர்க்குமுன் கொஞ்சம் எடுத்துத் தனியாகக் குழைய வேகவைத்து மசித்துக் கொடுத்தால் இரும்புச்சத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

முறுக்கு, நிலக்கடலை கலந்த மிக்ஸர், சின்னக் கிண்ணத்தில் வரும் வழுவழு ஜெல்லி இவையெல்லாம் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். முழுக்கடலையை ஐந்து வயதுவரை மகனுக்கும் கொடுக்கவேண்டாம். தொண்டையில் சிக்கி மகளால் அழவோ இருமவோ முடியவில்லை என்றால், முன்னங்கையில் குப்புறப் படுக்கவைத்துத் தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வராவிட்டால் மல்லாத்தி நெஞ்சு நடுவில் ஒரு கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே இருங்கள், இன்னொருவர் 999ஐ அழைக்கட்டும். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடும்.

அகல்விளக்குக்குப் பதிலாக இப்போது பல வீடுகளில் மின்னும் பிளாஸ்டிக் விளக்குகளை வரிசையாக வைக்கிறார்கள். நெருப்பு இல்லை, பயமில்லை என்று நினைக்கிறோம். அவற்றின் அடியில் காசு போன்ற வட்டமான பேட்டரி இருக்கும். ஒளிரும் மலிவு விளையாட்டுச் சாமான்களிலும் அதே பேட்டரிதான். தவழும் பிள்ளை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அந்த இடம் அரிக்கத் தொடங்கிவிடும். விழுங்கினாளா இல்லையா என்ற சந்தேகம் இருந்தால்கூடக் காத்திருக்கக்கூடாது, வாந்தி எடுக்கவைக்கவும் கூடாது. நேரே எக்ஸ்ரே வசதியுள்ள அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். பண்டிகை நாளில் தனியார் கிளினிக்குகள் பல மூடியிருக்கும். மாமியார் வீட்டிலிருந்து செபராங் ஜெயா மருத்துவமனைக்கு எந்த வழி என்று கணவர் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளட்டும்.

மகன் மத்தாப்புக் கொளுத்த ஆசைப்பட்டால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கட்டும். அந்தக் கம்பி ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகும், அணைந்த பிறகும் சுடும். முடிந்த கம்பிகளைப் போட ஒரு வாளி தண்ணீர் வேண்டும். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, சோயா சாஸ் எதுவும் பூசாதீர்கள்.

நாத்தனார் சொன்ன மருந்தை வாங்காதீர்கள். தூக்கம் வரவைக்கும் சளி மருந்துகளில் சில, இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் மூச்சை அடக்கிவிடக்கூடும். மகனுக்கும் வேண்டாம், சில பிள்ளைகள் அதைக் குடித்தால் தூங்குவதற்குப் பதில் இன்னும் ஆடுவார்கள், பிறகு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் தாப்பா தாண்டுவதற்குள் உங்களுக்கே தூக்க மருந்து வேண்டியிருக்கும். செந்தூலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னோ விடியற்காலை மூன்றரைக்கோ கிளம்பினால் நெரிசலும் குறைவு, பிள்ளைகளும் தானாகத் தூங்குவார்கள். ஓட்டுபவர் முதலில் தூங்கி எழுந்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு பிள்ளைகளுக்கும் காரில் தனி இருக்கை வேண்டும், 2020 முதல் இங்கே அது சட்டமும்கூட. நெரிசலில் நிற்கும்போது அழுகிறாள் என்று மகளை மடிக்கு எடுத்துவிடாதீர்கள். ஓய்விடத்தில் நிறுத்தி எடுங்கள்.

பையில் எடுத்துப்போகவேண்டிய மருந்து பாராசிட்டமால் சிரப், அதைக் கொடுக்கும் ஊசிக்குழல், வெப்பமானி. மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கும் புட்டியை நம்பவேண்டாம். நம் நாட்டில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. பழக்கத்தில் அதே கரண்டி அளவைக் கொடுத்தால் மருந்து இரட்டிப்பாகப் போய்விடும். ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக்கான உச்ச அளவு. மகள் எட்டுக் கிலோ என்றால் 120 மில்லிகிராம், அதாவது முதல் வகையில் 5 மில்லி. ஆறு மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

இந்த வருடமும் திரும்பியபின் யாருக்காவது காய்ச்சல் வந்து இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் கிளினிக்கில் டெங்கிக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளிக் காலம் மழைக்காலம். டெங்கியில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிட்டுப்போதல், பிள்ளை துவண்டு கிடப்பது இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். டெங்கி இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு காய்ச்சல் மருந்தைக் கொடுக்காதீர்கள், குறிப்பாக ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது.