லேப்டாப்பில் ஓடும் வீடியோ டிவியில் ஓடாதது ஏன்?

கேள்வி: அப்பாவின் மணிவிழாவுக்காக அவருடைய சின்ன வயதுப் படங்களில் தொடங்கி 140 புகைப்படங்களைச் சேர்த்து, பவர்பாயிண்ட் 2010இல் பாட்டோடு ஸ்லைடுஷோ செய்தேன். அதை வீடியோவாகவும் மாற்றிவிட்டேன். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. பென்டிரைவில் போட்டு டிவியில் செருகினால் ‘இந்த ஃபைலை இயக்க முடியாது’ என்று வருகிறது. தம்பியின் போனிலும் திறக்கவில்லை. பாட்டும் முதல் படத்தோடு நின்றுவிடுகிறது. 2,400 ரூபாய்க்கு ஒரு வீடியோ கன்வர்ட்டர் விற்கிறார்கள், வாங்கலாமா? விழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது.
- வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு அப்பாவுக்கு ஒரு நல்ல வேட்டி எடுக்கலாம்.

உங்கள் வீடியோ கெட்டுப்போகவில்லை. பவர்பாயிண்ட் 2010 வீடியோவை டபிள்யூஎம்வி என்ற வகையில் மட்டுமே தரும். அது மைக்ரோசாஃப்ட்டின் சொந்த வகை. அதனால் விண்டோஸ் லேப்டாப்பில் தடையில்லாமல் ஓடும், ஆனால் பல டிவிகளும் போன்களும் அதை ஏற்காது. அவை எல்லாவற்றுக்கும் தெரிந்த வகை எம்பி4. பவர்பாயிண்ட் 2013இலிருந்துதான் அது நேரடியாகக் கிடைக்கிறது.

அதனால் நான் சொல்லும் முதல் வழி இதுதான். வீடியோவை விட்டுவிடுங்கள். பிபிடிஎக்ஸ் என்று முடியும் மூல ஃபைலை எடுத்துக்கொண்டு, 2013 அல்லது அதற்குப் பிந்தைய பவர்பாயிண்ட் வைத்திருக்கும் உறவினர் வீட்டுக்குப் போங்கள். அங்கே ஃபைல், எக்ஸ்போர்ட், கிரியேட் எ வீடியோ என்று போய் எம்பி4 ஆகச் சேமியுங்கள். அளவு கேட்டால் 1080பி போதும். புதிய பதிப்புகளில் 4கே-யும் இருக்கும், ஆசைப்பட வேண்டாம். ஃபுல் எச்டி டிவிகள் பல 4கே ஃபைலைத் திறக்காது. திரும்பவும் இதே கதையாகிவிடும்.

போவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். படங்களுக்குக் கீழே தமிழில் ஏதாவது எழுதியிருக்கிறீர்களா? பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால், அது இல்லாத கணினியில் ‘அப்பாவின் பள்ளிப் பருவம்’ என்பது புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்த எழுத்துரு ஃபைலையும் கூடவே கொண்டுபோய் அங்கே நிறுவிக்கொள்ளுங்கள். யூனிகோடில் எழுதியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பாட்டு நிற்பதற்குக் காரணம் வேறு. சேர்த்த பாட்டு அந்த ஒரு ஸ்லைடுக்கு மட்டுமே உரியது என்றுதான் பவர்பாயிண்ட் எடுத்துக்கொள்ளும். ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, பிளேபேக் பகுதியில் ‘பிளே அக்ராஸ் ஸ்லைட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதைச் சரிசெய்த பிறகுதான் வீடியோவாக மாற்ற வேண்டும்.

புதிய பதிப்பு யாரிடமும் இல்லையென்றால் பாட்டைச் சரிசெய்து, உங்கள் லேப்டாப்பிலேயே இன்னொரு முறை வீடியோ எடுத்து, அதை விஎல்சி அல்லது ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் முழுக்க இலவசம். அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

இன்னொன்று. 2010இன் ஸ்லைடு பழைய டிவிபோல 4:3 அளவில் இருக்கும். அதனால் இன்றைய டிவியில் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது பழுதில்லை, அப்படியே விடுங்கள். இப்போது போய் அளவை மாற்றினால் முகங்கள் அகலமாக இழுபட்டுவிடும், 140 படத்தையும் திரும்பச் சரிசெய்ய நேரிடும்.

பென்டிரைவ் புதிதாக வாங்குவதாக இருந்தால் 32 ஜிபி போதும். அதை விண்டோஸிலேயே ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யலாம், பழைய டிவிகளும் படிக்கும். ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், நினைவிருக்கட்டும். சில நூறு ரூபாய்க்கு 1 டிபி, 2 டிபி என்று விற்பவை பக்கம் போகவே போகாதீர்கள். உண்மையான கொள்ளளவு சில ஜிபிதான் இருக்கும். அது நிறைந்த பிறகு போடும் ஃபைல்கள் பெயரளவில் மட்டும் தெரியும், திறக்காது.

மண்டபத்துக்கு லேப்டாப்பையும் ஒரு எச்டிஎம்ஐ கேபிளையும் கொண்டுபோவது எல்லாவற்றையும்விட நம்பகமானது. விஜிஏ கேபிளில் படம் மட்டும்தான் போகும், பாட்டு போகாது. முதல் நாள் மாலையே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பவர்பாயிண்ட் 2019இல் எம்பி4 எடுத்தேன். பாதியில் மின்சாரம் போய் கணினி நின்றுவிட்டது. 300 எம்பி ஃபைல் இருக்கிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை. ரிப்பேர் மென்பொருள் ஒன்று ‘சரிசெய்யலாம்’ என்று காட்டிவிட்டு, சேமிக்கப் பணம் கேட்கிறது.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று எம்பி4க்குள் உண்டு. பொதுவாக அது கடைசியில்தான் எழுதப்படும். உங்கள் ஃபைலில் அந்தக் கடைசிப் பகுதி எழுதப்படவே இல்லை. பணம் கட்டினாலும் முதல் பாதிதான் கிடைக்கக்கூடும், எழுதாத மீதியை யாராலும் தர முடியாது. மூல ஃபைல் உங்களிடம் இருக்கும்போது எதற்குச் செலவு? அழித்துவிட்டு மறுபடி எடுங்கள். திரையின் அடியில் ஓடும் பட்டை முடியும்வரை பவர்பாயிண்ட்டை மூடக் கூடாது. நேராகப் பென்டிரைவில் சேமிக்காமல் கணினியில் சேமித்து, ஓட்டிப் பார்த்த பிறகு நகலெடுங்கள்.

கேள்வி: ஸ்டூடியோவில் 6,000 ரூபாய் கொடுத்துச் செய்து, பென்டிரைவில் வாங்கிய படத்தொகுப்பு வீடியோ பாதியில் உறைந்து நிற்கிறது. ‘உங்க டிவிதான் சரியில்லை’ என்கிறார்கள்.
- வாசகர், மதுரை

பதில்: முதலில் இரண்டு வெவ்வேறு கருவிகளில் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் அதே இடத்தில் நின்றால் உங்கள் டிவியைக் குறை சொல்ல முடியாது. கணினிக்கு நகலெடுக்கும்போதே பிழை காட்டினால் பழுது பென்டிரைவில். நிற்கும் இடத்தைப் போனில் படமெடுத்து ஸ்டூடியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரிசெய்து தர ஒரு தேதி கேளுங்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அதற்கும் மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி இது சேவைக் குறைபாடு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. ரசீது வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் பணம் அனுப்பியதற்கான யுபிஐ பதிவை எடுத்து வையுங்கள். அவர்கள் சரிசெய்து கொடுக்கும்போது வீடியோவோடு மூல ஃபைலையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.