இரண்டு நாள் ஜெயித்தவனா, நேரத்தில் முந்தியவனா?

கேள்வி: தக்கலைப் பக்கம் நாங்கள் எட்டு நண்பர்கள். போன வருஷம் டூர் டி பிரான்ஸ் மாதிரி மூன்று நாள் சைக்கிள் ரேஸ் வைத்தோம். முதல் நாளும் மூன்றாம் நாளும் என் நண்பன் முதலாவது, நான் இரண்டாவது, வித்தியாசம் ஒரு சைக்கிள் நீளம்தான். நடுவில் பேச்சிப்பாறை போன அன்று நான் முதலாவது, அவன் நாலு நிமிஷம் பிந்தி மூன்றாவது. வந்த இடத்தைக் கூட்டினால் இரண்டு பேருக்கும் 5. இரண்டு நாள் ஜெயித்தவன் நான்தானே என்று அவன் இன்னும் விடவில்லை. யார் சொல்வது சரி? இந்த ஆகஸ்ட் 15 லீவில் மறுபடி வைக்கிறோம், ஆரல்வாய்மொழிப் பக்கமும் போகலாம் என்று யோசனை. கணக்கை எப்படி வைப்பது?

பதில்: டூர் கணக்குப்படி நீங்கள்தான் ஜெயித்தீர்கள், அதுவும் நல்ல வித்தியாசத்தில். மொத்தத்தில் முதலாவதாக இருப்பவர் போடுகிற மஞ்சள் ஜெர்சி யாருக்கு என்று பார்க்கும்போது அங்கே எத்தனை நாள் முதலாவது வந்தார் என்பது பேச்சே இல்லை. 21 நாளும் ஓட்டின நேரத்தைக் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்கு. 2017 இல் கிறிஸ் ஃப்ரூம் ஒரு நாள்கூட முதலாவதாக வராமல் பட்டம் வாங்கினார், 1990 இல் கிரெக் லெமாண்டும் அப்படித்தான்.

ஆனால் உங்கள் நண்பரைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் டூர் நடத்தினவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1903 இல் தொடங்கினபோது நேரக் கணக்குதான். 1904 இல் ஏமாற்று வேலை மிஞ்சிப்போய், முதல் நான்கு இடத்தில் வந்தவர்களையும் நீக்கிவிட்டு, ஐந்தாவதாக வந்த 19 வயதுப் பையன் ஆன்றி கோர்னேவுக்குப் பட்டத்தைக் கொடுத்தார்கள். 1905 முதல் 1912 வரை நீங்கள் செய்த மாதிரியே வந்த இடத்துக்குத்தான் பாயிண்ட். அதில் ஒரு நொடியில் முந்தினாலும் ஒரு மணி நேரம் முந்தினாலும் ஒரே மதிப்பு, அப்படியிருந்தால் மலையில் உயிரைக் கொடுத்து மிதிக்க யாருக்கு மனசு வரும்? 1913 இல் நேரத்துக்கே திரும்பினார்கள், இன்றுவரை அதுதான்.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டூரில் சாதாரண நாட்களில் முதல் மூன்று பேருக்கு 10, 6, 4 நொடி என்று மொத்த நேரத்தில் கழித்துக் கொடுப்பார்கள். உங்கள் நண்பருக்கு 10, 4, 10, ஆக 24 நொடி. உங்களுக்கு 6, 10, 6, ஆக 22. ஒரு சைக்கிள் நீள வித்தியாசத்துக்கு நேரமே கிடையாது, சேர்ந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரம். அப்படியென்றால் உங்கள் நாலு நிமிஷத்தில் 2 நொடிதான் குறைகிறது. 3 நிமிஷம் 58 நொடி முன்னால் இருக்கிறீர்கள். இந்தக் கணக்கை அவரிடமே காட்டுங்கள், அதோடு அவர் கடைசி 200 மீட்டரில் நல்ல ஓட்டக்காரர் என்பதையும் சொல்லுங்கள். டூரில் அந்தத் திறமைக்கென்றே 1953 முதல் பச்சை ஜெர்சி இருக்கிறது, நீங்களும் தனியாக ஒரு பரிசு வையுங்கள், சண்டை பாதி அடங்கும்.

சேர்ந்து வருகிறவர்களுக்கு ஒரே நேரம் என்ற விதியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஜெயிக்கப் போகாதவனும் அரை நொடிக்காகக் கும்பலில் முண்டியடிக்கக் கூடாது என்பதற்காக வந்தது அது. சமவெளி நாட்களில் முன்னால் போகிறவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் 3 நொடிக்குக் குறைவாக இருந்தால் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல, சமவெளி நாளில் கடைசி 3 கிலோமீட்டருக்குள் விழுந்தாலோ பஞ்சர் ஆனாலோ, அவர் எந்தக் கும்பலில் வந்துகொண்டிருந்தாரோ அந்தக் கும்பலின் நேரம் அவருக்கு. அதற்கு முன்னால் பஞ்சர் ஆனால் போன நேரம் போனதுதான், மலை உச்சியில் முடிகிற நாளிலும் இந்தச் சலுகை கிடையாது.

நேரம் குறிக்க எட்டு பேரில் ஒருவரை நம்பாதீர்கள், ஓட்டாத ஒருவர் வேண்டும். ரோட்டின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு நேராக போனை அசையாமல் நிறுத்தி, முதல் ஆள் வருவதற்கு முன்னாலிருந்து கடைசி ஆள் வரும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முன்டயர் கோட்டைத் தொடுகிற நொடிதான் கணக்கு, கையைத் தூக்கின நொடி இல்லை. எத்தனையோ தகராறு அந்த ஒரு வீடியோவில் தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஆரல்வாய்மொழி. ஆகஸ்ட் 15 என்றால் ஆடிக் கடைசி, ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அந்தக் கணவாயில் நின்று சொன்ன மாதிரி இருக்கும். மேற்கிலிருந்து வருகிற காற்று தோவாளையிலிருந்து முப்பந்தல் வரை முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். அதுகூடப் பரவாயில்லை, காவல்கிணறு தாண்டி கன்னியாகுமரிக்குத் தெற்கே திரும்பினால் காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும், நீங்கள் அறியாமலே உடம்பை வலது பக்கம் சாய்த்து ஓட்டுவீர்கள். அந்த நேரம் வலது பக்கமாக ஒரு கண்டெய்னர் லாரி முந்தினால் காற்று சட்டென்று நின்றுபோகும், சாய்ந்த உடம்பு சைக்கிளை லாரிப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும். ஓர் அடி போதும், விபரீதம் ஆகிவிடும். அந்த நான்குவழிச் சாலையில் ரேஸ் வேண்டவே வேண்டாம். காற்றாலைகளைப் பார்க்க ஆசை என்றால் ஒரு நாள் நேரக் கணக்கு இல்லாமல் முப்பந்தல் போய்வாருங்கள்.

பக்கவாட்டுக் காற்றில் ஓட்டிப் பழக குளச்சலிலிருந்து முட்டம் வழியாக மணக்குடி போகிற கடலோரச் சாலை போதும். கடல் வலது கைப் பக்கம் இருக்கும். தென்னையும் வீடுகளும் இருக்கிற இடத்தில் ஒன்றும் தெரியாது, வெட்டவெளி வந்ததும் தள்ளும். அங்கே முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் ஒட்டினால் மறைவு கிடைக்காது, அவருக்குக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் பின்னால் போக வேண்டும், அடுத்தவர் அவருக்கும் இடது பக்கம். டூரில் இப்படித்தான் சாய்வாக வரிசை பிடிப்பார்கள், ரோட்டின் அகலத்துக்குள் இடம் கிடைக்காதவன் ஓரத்தில் தனியாகக் காற்றை வாங்கிப் பிந்திப்போவான். 2020 இல் தடேய் போகாச்சர் ஏழாம் நாள் அப்படி மாட்டி 1 நிமிஷம் 21 நொடி இழந்தார். நீங்கள் அதிகபட்சம் மூன்று பேராகச் சாயுங்கள், உங்கள் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்தோடு பக்கவாட்டில் உரசுகிற அளவுக்கு ஏற விடாதீர்கள். மணலும் மீன்வண்டியும் இருக்கிற சாலை அது, விடிகாலையில் முடித்துவிடுங்கள்.

அந்தப் போகாச்சர் கடைசிக்கு முந்தின நாள், ஆளுக்கு ஆள் தனியாக ஓட்டுகிற பந்தயத்தில், 57 நொடி பின்தங்கித் தொடங்கி, மொத்தத்தில் 59 நொடி முன்னால் முடித்தார். 1989 இல் லெமாண்ட் கடைசி நாள் 24.5 கிலோமீட்டரில் 50 நொடியைப் பிடித்து 8 நொடியில் பட்டம் வாங்கினார். உங்களுக்கும் கடைசி நாள் தனி ஓட்டம் வைக்கலாம், திட்டுவிளையிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை வரை. ஒரு நிமிஷ இடைவெளியில், மொத்தக் கணக்கில் கடைசியாக இருப்பவர் முதலில் கிளம்ப வேண்டும். கும்பல் இல்லாததால் போக்குவரத்துள்ள சாலையில் ஆபத்தும் குறைவு. போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குவது எப்படியும் வேண்டும்.

இன்னொன்று, மூன்றாம் நாள் கால் ஓடாமல் போவது பெரும்பாலும் முதல் நாள் சரியாகச் சாப்பிடாததால்தான். தொழில்முறை வீரர்கள் ஓட்டும்போதே மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து உள்ளே தள்ளுவார்கள், இப்போது பலர் அதற்கு மேலும். நீங்கள் ஜெர்சியின் பின்பையில் மட்டிப்பழம் வையுங்கள், ஒரு கையால் உரித்து இரண்டு வாயில் முடித்துவிடலாம், நேந்திரம்பழம் ஓட்டிக்கொண்டே தின்ன ஆகாது. பசிக்கும்வரை காத்திருக்காமல் கிளம்பின அரை மணி நேரத்திலேயே முதல் பழம்.