மைக் ரோ சொல்வதை நம்பி மகன் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நாங்கள் ஒஹையோவில் வசிக்கிறோம். ஹைஸ்கூல் கடைசி வருடத்தில் இருக்கும் மகன், கல்லூரி வேண்டாம், எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸாக, அதாவது வேலை செய்துகொண்டே தொழில் பழகுகிறவனாக, சேரப்போகிறேன் என்கிறான். அழுக்கான, கடினமான வேலைகளைக் காட்டிய ‘டர்ட்டி ஜாப்ஸ்’ டிவி நிகழ்ச்சியின் மைக் ரோவின் வீடியோக்களைப் பார்த்து எடுத்த முடிவு. அவருடைய அறக்கட்டளை உதவித்தொகைக்காக ஏதோ உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கல்லூரியில் படிக்கும் மகள், “அந்த ஆள் முதலாளிகளின் குரல்” என்று தம்பியிடம் சண்டை போடுகிறாள். என் கணவரின் நண்பர்களோ அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் மகளும் கணவரின் நண்பர்களும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. அதனால்தான் சண்டை தீரவில்லை.

பிள்ளைகள் கைத்தொழில் கற்கலாமா என்பதில் அமெரிக்காவின் இரண்டு கட்சிகளுக்கும் பெரிய தகராறு கிடையாது. மைக் ரோ 2011 மே மாதம் செனட் குழு ஒன்றின் முன் சாட்சி சொன்னபோது அங்கே ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை. 2017 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபையின் கல்விக் குழு முன் பேசியபோது குடியரசுக் கட்சிக்கு. தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் தரும் பெர்கின்ஸ் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது இரண்டு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. தகராறெல்லாம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான்: கூலி எவ்வளவு, யூனியன் வேண்டுமா, அடிபட்டால் யார் பொறுப்பு, படிப்புக் கடனை யார் கட்டுவது.

சாக்கடையிலும் பன்றிப் பண்ணையிலும் இறங்கி வேலை செய்து காட்டிய காலத்தில் அவர் எந்தக் கட்சி என்று பெரிதாக யாரும் கேட்கவில்லை. 2012 செப்டம்பரில் உங்கள் ஒஹையோவின் பெட்ஃபோர்ட் ஹைட்ஸில் ஒபாமாவை எதிர்த்துக் குடியரசுக் கட்சி சார்பில் அதிபர் தேர்தலில் நின்ற மிட் ராம்னியோடு ஒரே மேடையில் உட்கார்ந்தார். ஒபாமாவுக்கும் முன்பே கடிதம் எழுதியிருந்தேன், இது ஆதரவு அல்ல என்றார். ஆனாலும் மேடை மேடைதானே. 2014-இல் வால்மார்ட்டின் ‘அமெரிக்கத் தயாரிப்பு’ விளம்பரத்துக்குக் குரல் கொடுத்தார். குறைந்த கூலிக்காகப் பேர்வாங்கிய கடைக்குத் தொழிலாளியின் நண்பன் வக்காலத்தா என்று தொழிலாளர் அமைப்புகள் கொதித்தன. பிறகு 2022-இல் பைடன் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்ய முயன்றபோது, கல்லூரிக்கே போகாத பிளம்பர் ஏன் அதைச் சுமக்க வேண்டும் என்று எதிர்த்தார். இப்படித்தான் ஒரு பக்கம் அவரைச் சுவீகரித்துக்கொண்டது, மறு பக்கம் ஒதுக்கியது.

எங்கள் கருத்தைக் கேட்டால், கழிவுநீர்க் குழாயில் இறங்குகிறவரைப் பெயர் சொல்லி, மரியாதையோடு, நடு வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். கடன் வாங்காமல் தொழில் கற்கப் பலருக்குப் பணமும் கொடுத்திருக்கிறார். அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அவர் பேச்சில் தொழிலாளியின் குணத்துக்கு இருக்கும் எடை முதலாளியின் கடமைக்கு இல்லை. உங்கள் மகள் சரியாகப் பிடித்திருப்பது அந்த இடத்தைத்தான்.

அந்த உறுதிமொழியில் 12 வாக்கியங்கள். நன்றியோடு இரு, கடனை வெறு, வசதிக்கு மீறிப் பகட்டாக வாழாதே என்பவற்றில் பழுதில்லை. இரண்டு இடத்தில் மட்டும் மகனை நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்று, சீக்கிரம் வந்து, தாமதமாகப் போய், யாரும் தொடாத வேலையை முகம் கோணாமல் செய் என்பது. நல்ல புத்திமதிதான். ஆனால் வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்குக் கூலி என்பது 1938-ஆம் ஆண்டுச் சட்டம். அப்ரண்டிசுக்கும் அது உண்டு. தாமதமாக நின்ற நேரம் கூலிச்சீட்டில் ஏறாவிட்டால் அவனிடமிருந்து பணம் திருடப்படுகிறது. தினமும் வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றையும் அவனே ஒரு நோட்டில் எழுதட்டும். பயிற்சி எத்தனை மணி நேரம் முடிந்தது என்பதில் தகராறு வந்தாலும் அந்த நோட்டு உதவும்.

இரண்டாவது, என் பாதுகாப்பு என் பொறுப்பு என்பது. ‘பாதுகாப்புக்கு மூன்றாம் இடம்’ என்று அவர் சொன்னதன் சாரமும் இதுவே: விதியைப் பின்பற்றிவிட்டாலே ஆபத்து நீங்கிவிடாது. பாதி உண்மை. மீதிப் பாதியை உங்கள் மகன் தொடப்போகும் வேலையிலேயே பார்க்கலாம். ஒரு சர்க்யூட்டில் கைவைக்கும் முன் பிரேக்கரை அணைத்து, பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய டேகை மாட்ட வேண்டும். பிறகு டெஸ்டரை, கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த வேறொரு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து, வேலை செய்யப்போகும் வயரில். கடைசியாக மறுபடி அந்தப் பழைய இடத்தில். மூன்றாவது சோதனையை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டரின் பேட்டரி செத்திருந்தாலோ அதன் லீட் வயர் உள்ளே அறுந்திருந்தாலோ, உயிருள்ள வயரும் செத்த வயராகத்தான் காட்டும். இந்த மூன்று சோதனையைத் தவறாமல் செய்வது மகனின் பொறுப்பு. பூட்டு, டேக், தகுந்த டெஸ்டர், லைனை நிறுத்த நேரம், பக்கத்தில் நின்று சொல்லித்தரத் தேர்ந்த ஆள், இவையெல்லாம் முதலாளியின் பொறுப்பு. வேலையிடப் பாதுகாப்புக்கான 1970-ஆம் ஆண்டு ஓஷா சட்டம் அதை முதலாளியின் தலையில்தான் வைத்திருக்கிறது. பாதுகாப்புப் பற்றிப் புகார் செய்ததற்காகப் பழிவாங்கினால் அந்தச் சட்டப்படி 30 நாளுக்குள் முறையிட வேண்டும். இந்த 30 நாளை மகன் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

உறுதிமொழியில் கையெழுத்துப் போடட்டும், தவறில்லை. அது உதவித்தொகைக்கான நிபந்தனை, வேலை ஒப்பந்தம் இல்லை. ஆனால் அந்தப் பணம் தேவையா என்று முதலில் பாருங்கள். டிரேட் ஸ்கூல் எனும் தொழிற்பயிற்சிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அரசிடம் பதிவுபெற்ற அப்ரண்டிஸ் திட்டத்தில் முதல் நாளிலிருந்தே கூலி உண்டு. தேர்ந்த எலக்ட்ரீஷியனின் கூலியில் ஒரு பங்காகத் தொடங்கி, படிப்படியாக ஏறும். யூனியனும் ஒப்பந்ததாரர்களும் சேர்ந்து நடத்தும் திட்டம் பெரும்பாலும் 5 ஆண்டு, சுமார் 8,000 மணி நேர வேலை. யூனியன் இல்லாத திட்டங்கள் பெரும்பாலும் 4 ஆண்டு. இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

கையெழுத்துக்கு முன் அப்ரண்டிஸ் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: தொழிலாளர் துறையிலோ மாநிலத்திலோ பதிவான திட்டமா, எத்தனை மணி நேர வேலை முடிந்ததும் கூலி எத்தனை சதவீதம் ஏறுகிறது, ஒரு தேர்ந்த ஆளுக்கு எத்தனை அப்ரண்டிஸ், வகுப்பு நேரத்துக்குக் கூலி உண்டா. வகுப்பு ஆண்டுக்கு 144 மணி நேரமாவது இருப்பது நல்லது. அதற்குக் கூலி தராமல் இருக்கவும் சட்டம் இடம் தருகிறது, அதனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிறகு மனக்கசப்பு வராது. தகுதிகாண் காலம் ஓராண்டைத் தாண்டக் கூடாது. இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத இடத்தில் சேர்க்காதீர்கள், அதை நடத்துகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும்.

யூனியன் திட்டத்துக்கு நுழைவுத் தேர்வு உண்டு, அல்ஜீப்ராவும் வாசித்துப் புரிந்துகொள்வதும். பலர் வழுக்குவது அல்ஜீப்ராவில். தவறினால் மறுபடி எழுத மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். பின்னம், சமன்பாடு, வரைபடம் இவற்றைத் தினம் அரை மணி நேரம் போட்டுப் பழகட்டும். சொல்லிக்கொடுக்க வீட்டில் அக்கா இருக்கிறாளே. ஒப்பந்தத் தாளையும் அவளிடமே படிக்கக் கொடுங்கள்.