ஜூவில் விலங்கை மிக அருகில் சந்திக்கும் நிகழ்ச்சிக்கு முன்பதிவு செய்யலாமா? எந்த விலங்கைத் தேர்ந்தெடுப்பது?

நுழைவுச் சீட்டு போக, விலங்கை அருகில் பார்த்துத் தொடுவதற்கென்று தனியாகப் பணம் கேட்கிறார்களே, அது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 4 வயது மகன், 9 வயது மகள், எழுபதை நெருங்கும் அம்மா ஆகியோருடன் போகப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போங்கள். ஆனால் எந்த விலங்கு என்று முடிவு செய்யும் முன், அந்த இடத்துக்கு ஃபோன் செய்து ஒன்று கேளுங்கள்: "அன்றைக்கு அந்த விலங்குக்கு வரப் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" அவர்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் நான் பணம் கட்டுவதா வேண்டாமா என்று பார்க்கிறேன். எங்கள் மகளுக்கு ஏழு வயதானபோது கற்றுக்கொண்டது இது.

அவளுக்குக் காண்டாமிருகம் என்றால் உயிர். பிறந்தநாளுக்காக ஆறு வாரம் முன்பே பதிவு செய்து, காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே வந்தாள். அந்த நாளும் வந்தது. மொத்தம் எட்டுப் பேர், கனமான இரும்புத் தூண்களுக்கு இந்தப் பக்கம் நின்றோம். பராமரிப்பாளர் ஒரு இளம்பெண். வாளியைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காண்டாமிருகம் தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது, திரும்பியது, சேற்றில் போய்ப் படுத்துவிட்டது. இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னிக்கு அதுக்கு வர விருப்பமில்ல. நாங்க கட்டாயப்படுத்த மாட்டோம்" என்றார்.

கூட வந்திருந்த ஒருவர் கோபப்பட்டார். காசு கட்டியிருக்கிறோம், எழுப்பிக் கூட்டி வரக்கூடாதா என்று கேட்டார். என் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது. மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். காண்டாமிருகத்தைத் தடுப்பு அருகே வரவும், பக்கவாட்டில் நிற்கவும், பாதத்தைக் காட்டவும் அவர்கள் மாதக்கணக்கில் பழக்குகிறார்கள். அடியோ அதட்டலோ கிடையாது. வந்தால் பிடித்த தீனி கிடைக்கும், வராவிட்டால் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இப்படிப் பழகிய விலங்கிடம் மயக்க ஊசி போடாமலே ரத்தம் எடுக்க முடிகிறது. "ஒரு தடவை நாங்க வலுக்கட்டாயமா இழுத்துட்டோம்னா, ஊசி போட வேண்டிய நாள்ல அது பக்கத்துலயே வராது" என்றார். ஆயிரம் கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு விலங்கு தானாக வந்து நிற்கிறது என்றால், திரும்பிப் போகவும் அதற்கு வழி விட்டிருக்கிறார்கள் என்பதால்தான்.

மீதி நேரத்தையும் அவர் வீணாக்கவில்லை. குழந்தைகளைத் தங்கள் கைவிரல் நகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நகம் எதனால் ஆனதோ, அதே கெரட்டின் என்ற பொருளால்தான் காண்டாமிருகத்தின் கொம்பும் ஆனது என்று சொன்னபோது எல்லோரும் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். அதற்குக் கண்பார்வை மங்கல், ஆனால் காதும் மூக்கும் மிகக் கூர்மை என்றார். தோலை வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பாற்றிக்கொள்ளத்தான் சேற்றில் புரள்கிறது என்றார். கிளம்பும்போது வேறொரு நாள் வரலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் போனோம். தடுப்பை நெருங்கும் முன்பே மகள் அதே பராமரிப்பாளரிடம் கேட்டாள்: "அக்கா, அதுக்கு இன்னிக்கு வர இஷ்டமா?" வந்தது. காதுக்குப் பின்னால் தடவச் சொன்னார்கள். வெளியே பாறை மாதிரி இருக்கும் அந்த உடம்பில் அந்த ஒரு இடம் மெத்தென்று, வெதுவெதுப்பாக இருந்தது. இன்றும் அவள் கைகளால் அதைச் செய்து காட்டுவாள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில், ஒரு பயணத்தில், புலிக்குட்டியை மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன். வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கைக்கும் அந்தக் குட்டி மாறிக்கொண்டே இருந்தது. தூங்க முயன்றது, எழுப்பினார்கள், மறுபடி கண்ணை மூடியது. எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். ஓய்ந்துபோன ஒரு பிள்ளையைத்தான் மடியில் வைத்திருந்தேன் என்பது நான் தாயான பிறகுதான் உறைத்தது. அந்தப் படத்தை இப்போது ஆல்பத்தில் வைத்திருக்கவில்லை.

சில மாதங்களில் குட்டி வளர்ந்துவிடும், மடியில் வைக்க முடியாது. அப்போது வரிசைக்கு இன்னொரு குட்டி வேண்டும். வளர்ந்ததை என்ன செய்வது? தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 'புலிக் கோயில்' என்று பெயர் பெற்றிருந்த மடத்தில் 2016-ல் அதிகாரிகள் நுழைந்து 137 புலிகளை மீட்டார்கள். அங்கிருந்த உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்களும் கிடைத்தன. உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் புலியோடு படம் எடுத்துக்கொண்ட இடம் அது. 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டமே போட்டு, பொதுமக்கள் புலி, சிங்கம் போன்ற பெரும்பூனைகளின் குட்டிகளைத் தொடுவதைத் தடை செய்தது. எந்த நாடாக இருந்தாலும், பெரும்பூனைக் குட்டியைக் கையில் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடத்துக்குள் தயவுசெய்து போகாதீர்கள். தேவாங்கு இனத்தைச் சேர்ந்த ஸ்லோ லோரிஸ் கைகளைத் தூக்கிக் கூச்சப்படுவது போன்ற வீடியோக்களும் அப்படித்தான். முழங்கைக்கு அருகே விஷச் சுரப்பி உள்ள விலங்கு அது. கையைத் தூக்குவது, பயந்துபோய்த் தன்னைக் காத்துக்கொள்ள.

நல்ல பெயர் எடுத்த இடங்கள்கூட இதில் தவறியிருக்கின்றன. 2023-ல் அமெரிக்காவின் மயாமி ஜூவில் கிவிப் பறவையைப் பகல் போன்ற வெளிச்சத்தில் வைத்துப் பார்வையாளர்கள் தலையைத் தடவிக்கொடுத்த வீடியோ வெளியானது. கிவி இரவில் நடமாடும் பறவை. நியூசிலாந்து மக்களுக்கு அது தங்கள் அடையாளம், கொதித்துப் போனார்கள். மயாமி ஜூ மன்னிப்புக் கேட்டு அந்தச் சந்திப்பை நிறுத்தியது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் அருகே 1927 முதல் இருக்கும் லோன் பைன் கோலா சரணாலயம், கோலாவைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கும் வழக்கத்தை 2024-ல் தானாகவே கைவிட்டது. இப்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம், தூக்க முடியாது. அந்த முடிவைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அருகில் நிற்பதற்குத்தான் நாம் போகிறோம். தூக்கித்தான் ஆக வேண்டும் என்று எந்தக் குழந்தையும் அழுது நான் பார்த்ததில்லை, படம் வேண்டும் என்று அவசரப்படுவது பெரியவர்கள்தான்.

இனி உங்கள் குடும்பத்துக்கு வருகிறேன்.

ஒட்டகச்சிவிங்கிக்கு இலை கொடுப்பது பல இடங்களில் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் ரொம்பப் பிடிக்கும். கருநீலத்தில் சுமார் 45 சென்டிமீட்டர் நீளும் நாக்கு, இலையைச் சுற்றி இழுக்கும்போது விரல்களைத் தொட்டுப் போகும். மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, அதனால் கடித்துவிடுமோ என்ற பயம் அதிகம் வேண்டாம். ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பெரும்பாலும் உயரமான மேடையில் ஏறித்தான் கொடுக்க வேண்டும், அம்மாவுக்குப் படி ஏற முடியுமா என்று விசாரியுங்கள். இரண்டு, நேரம். கூடுமானவரை காலையில் முதல் ஸ்லாட்டை எடுங்கள். நாள் முழுவதும் வந்தவர்கள் ஊட்டிவிட்ட பிறகு கடைசி வரிசையில் நிற்பவர்களுக்கு, வயிறு நிறைந்து தூரத்தில் நிற்கும் ஒட்டகச்சிவிங்கிதான் பார்க்கக் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், உங்கள் மூன்று தலைமுறைக்கும் சேர்த்து ராட்சத ஆமையைத்தான் சொல்வேன். அல்டாப்ரா இன ஆண் ஆமை 250 கிலோ வரை இருக்கும், ஆனால் 4 வயதுப் பிள்ளையின் கண்ணும் அதன் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் சந்திக்கும். அம்மாவும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே பார்க்கலாம். செயின்ட் ஹெலினா தீவில் ஜொனாதன் என்ற ஆமை 1832 வாக்கில் பிறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து உயிரோடு இருக்கும் ஒரு ஜீவன் என்று பிள்ளைகளுக்கு அதைச் சொல்லி அழைத்துப் போங்கள். கழுத்துப் பக்கம் மெல்லத் தடவினால் சில ஆமைகள் நான்கு கால்களையும் ஊன்றி எழுந்து, கழுத்தை முழுக்க நீட்டி அசையாமல் நிற்கும். காலாபகஸ் தீவுகளில் சிறு பறவைகள் உண்ணி பொறுக்க வரும்போது அங்குள்ள ராட்சத ஆமைகள் இப்படித்தான் நின்று இடம் கொடுக்கின்றன.

ஆமை என்றால் கை கழுவுவதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது, நமக்கு ஆகும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது கடுமையாகப் போகலாம். குழந்தைகளுக்கு இந்தத் தொற்று பரவியதால்தான் அமெரிக்காவில் 1975-ல் சின்ன ஆமைகளை விற்பதையே தடை செய்தார்கள். உங்கள் மகன் விரலை வாயில் வைக்கும் பழக்கம் உள்ளவன் என்றால், அவன் பார்க்க மட்டும் செய்யட்டும், தொடுவதை அக்கா செய்யட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். சானிடைசர் எல்லாக் கிருமியையும் கொல்லாது, தண்ணீரும் சோப்பும்தான் சரி. தின்பண்டம், பால் புட்டி எதையும் உள்ளே எடுத்துப் போகாதீர்கள்.

முன்பதிவுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பதையெல்லாம் படியுங்கள். குறைந்தபட்ச வயது எத்தனை என்பது விலங்குக்கு விலங்கு மாறும், 4 வயதுப் பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு அக்கா மட்டும் உள்ளே போனால் அந்த நாளே கெட்டுவிடும். விரல் மூடிய காலணி பல இடங்களில் கட்டாயம். மழை பெய்தால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா என்பதையும் பாருங்கள். வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்தால் குரங்கினங்களின் பக்கம் போகவே வேண்டாம். நம்முடைய சாதாரண ஜலதோஷம் மனிதக் குரங்குகளின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்த நேரம் வந்ததும் பிள்ளை பயந்து பின்வாங்கினால் தள்ளிவிடாதீர்கள். எங்கள் சின்னவன் மூன்று வயதில் ஒட்டகச்சிவிங்கியின் நாக்கைக் கண்டு அலறி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பத்தடி பின்னால் வந்து நின்றோம். அங்கிருந்தே பார்த்தான், சிரித்தான்.

ஆமையிடம் போகும் முன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக் கூட்டிப் போங்கள்: கழுத்தை நீட்டினால் தடவலாம், உள்ளே இழுத்துக்கொண்டால் கையை எடுத்துவிட வேண்டும். 4 வயதுக்கும் அது நன்றாகப் புரியும்.