ஷவர் அப்புறம், முதலில் வாளியை எடுங்கள்

கேள்வி: திருச்சியில் 18 வருடங்களுக்கு முன் கட்டிய சொந்த வீடு. மாடியில் படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூம், 8-க்கு 5 அடி. தரை டைல்ஸைத் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறது. கீழே ஹால் சீலிங்கில் ஓதம். உடைத்துப் புதிதாகச் செய்ய இரண்டேகால் லட்சம் கேட்கிறார்கள். நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன்; வீட்டில் சின்ன ரிப்பேர்களை நானே பார்ப்பேன். கடையில் 8 அங்குல ரெயின் ஷவரும் கன்சீல்டு டைவர்ட்டரும் (சுவருக்குள் மறைத்துப் பதித்து, தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) பார்த்து வைத்திருக்கிறேன். அதை நானே மாட்ட முடியுமா? கண்ணாடித் தடுப்பும் வைக்க ஆசை.

பதில்: மாட்டலாம். ஷவரை மாட்டுவது குழாயின் திருகு மறையில் டேப் சுற்றித் திருகுகிற வேலை, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு தனித்தனி விஷயம். கீழே ஓதம் ஒன்று, மேலே ஷவர் ஒன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரு தொகை சொல்கிறவரிடம்தான் பணம் கரைகிறது.

முதலில் அந்த ஓதம். அது குழாயில் இருந்து வருகிறதா, தரையில் இருந்து வருகிறதா என்று தெரியாமல் ஒரு டைல்ஸையும் உடைக்காதீர்கள். சோதனை எளிது. ஒரு வாரம் அந்த பாத்ரூமைப் பூட்டி வையுங்கள், யாரும் குளிக்க வேண்டாம். ஆனால் அதற்குப் போகும் வால்வு திறந்தே இருக்கட்டும். கீழே ஈரம் குறையாமல் அப்படியே நின்றால், சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ தண்ணீர் வரும் குழாய் ஒழுகுகிறது. ஈரம் காயத் தொடங்கினால் தரையும் நானி ட்ராப்பும்தான் (குளித்த தண்ணீர் வெளியேறும் தரை வாய்) குற்றவாளி. என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான். நானி ட்ராப்பும் கக்கூஸ் பைப்பும் தளத்தைத் துளைத்து இறங்கும் இடம், சுவரும் தரையும் சேரும் மூலை, இந்த இரண்டில்தான் தண்ணீர் வழி கண்டுபிடிக்கும்.

இந்தச் சோதனையை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் வியாபாரம் போய்விடும். அடுத்து ஒருவர் வருவார். "சார், எதையும் உடைக்க வேண்டாம், மேலே கெமிக்கல் ஊற்றினால் போதும், பத்து வருஷம் கேரண்டி" என்பார். தரை மேல் ஏதோ பூசுவார், இடுக்குகளில் வெள்ளையாக எதையோ அடைப்பார், பளபளப்பாகத்தான் இருக்கும். உங்கள் டைல்ஸ் ஏற்கெனவே பொள்ளலாக இருக்கிறது, அதாவது அடியில் கலவை விட்டுப் போயிருக்கிறது. அதன் மேல் எதை ஊற்றினாலும் ஒரு மழைக்காலம் தாண்டாது. அந்த கேரண்டித் தாளில் ஊற்றியவரின் முகவரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆக, சோதனையில் குற்றவாளி தரைதான் என்று தெரிந்தால், அதை எடுக்கத்தான் வேண்டும். தளம் பள்ளமாக விடப்பட்டு அதில் செங்கல் ஜல்லி நிரப்பியிருந்தால் அதையும் அள்ள வேண்டும். இதற்கு ஒரு கொத்தனாரும் சித்தாளும் வேண்டும், உங்கள் இடுப்பு வேண்டாம். உடைத்து, கழுவி, காய்ந்த பிறகு மூலைகளைக் கலவையால் வளைவாக மூடச் சொல்லுங்கள். அதன் பிறகு வரும் வாட்டர்ப்ரூஃப் பூச்சை நீங்களே அடிக்கலாம். இரண்டு பொருள் கலந்து அடிக்கும் சிமென்ட் வகை போதும். இரண்டு கோட், ஒன்று நெடுக்கே, ஒன்று குறுக்கே. தரை முழுக்க, சுவரில் ஒரு அடி உயரம், குளிக்கும் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல். இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பையிலேயே அச்சடித்திருப்பார்கள். கொத்தனார் சொல்வதைக் கேட்காதீர்கள், பையைக் கேளுங்கள்.

பூச்சு காய்ந்ததும் நானி ட்ராப் வாயை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம். கோடு சில மில்லிமீட்டர் இறங்குவது ஆவியாவதால். அதற்கு மேல் இறங்கினாலோ, கீழே சீலிங்கில் புதிதாக ஈரம் வந்தாலோ, மறுபடி பூச வேண்டும். "இதெல்லாம் தேவையில்லை சார், நாளைக்கு டைல்ஸ் ஆள் வருகிறார்" என்பார்கள். டைல்ஸ் ஆள் போகட்டும், வேறு ஆள் வருவார். வீடு கட்ட அரசு அலுவலகத்தில் வரைபடம் கேட்கிறார்கள், அனுமதி கேட்கிறார்கள், கட்டணம் வாங்குகிறார்கள். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று ஒரு தாள் உங்களிடம் இருக்கிறதா? எந்த வீட்டிலும் இல்லை. யாரும் கேட்பதும் இல்லை. இந்த 48 மணி நேரம்தான் உங்கள் வீட்டுக்கு நடக்கும் ஒரே பரிசோதனை, பரிசோதகரும் நீங்கள்தான்.

டைல்ஸ் ஒட்டும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: வாட்டம். ஒரு அடிக்கு 4 மில்லிமீட்டர் இறக்கம் நானி ட்ராப்பை நோக்கி இருக்க வேண்டும். ஒட்டிய கையோடு ஒரு குவளை தண்ணீரைக் கதவோரம் ஊற்றினால் அது தானாக ஓடிப் போக வேண்டும். தேங்கினால் அன்றைக்கே சொல்லுங்கள், மறுநாள் சொன்னால் சண்டை.

இப்போது ஷவர். கடையில் பார்த்த ரெயின் ஷவர் அங்கே மழையாகக் கொட்டியிருக்கும். கடைக்காரர் பின்னால் ஒரு பம்ப் வைத்திருக்கிறார். உங்களுக்கு மொட்டை மாடி டேங்க்தான். 33 அடி உயரத்தில் இருந்து தண்ணீர் இறங்கினால் ஒரு கிலோ பிரஷர் கிடைக்கும், இது எந்த ஊரிலும் மாறாத கணக்கு. உங்கள் பாத்ரூம் மேல்மாடியில். தரையில் இருந்து கூரை 10 அடி, அதன் மேல் 4 அடி மேடையில் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். ஷவர் 7 அடியில். மிச்சம் 7 அடி உயரம்தான், அதாவது கால் கிலோ கூட வராது. பெரிய ரெயின் ஷவர்கள் பலவற்றுக்கு அரை கிலோவில் இருந்து ஒரு கிலோ வரை தேவை. அட்டைப் பெட்டியில் 'பார்' என்று போட்டிருப்பார்கள், கிலோவும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். கால் கிலோவில் அந்த 8 அங்குலத் தட்டு நடுவில் மட்டும் சொட்டும்.

நம்பிக்கை இல்லையா? இப்போது இருக்கும் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு, அந்த உயரத்திலேயே 10 லிட்டர் வாளியைப் பிடியுங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் யோசிக்கலாம். இரண்டு நிமிடம் ஆனால் 4 அங்குல ஷவர் வாங்குங்கள், சுகமாகக் குளிக்கலாம். 18 வருட வீட்டில் இரும்புக் குழாயாக இருந்தால் உள்ளே துரு அடைத்தும் இருக்கும். அதை மாற்றும்போது பாத்ரூம் வரை முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குலக் குழாய் கொண்டு வந்து, கடைசியில் அரை அங்குலமாகக் குறையுங்கள். சுடுதண்ணீருக்கு சி.பி.வி.சி. குழாய் (சூடு தாங்கும் பிளாஸ்டிக்), அதற்குரிய பசையோடு. பிரஷர் பம்ப் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், ஆனால் பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு வைத்தால் அது சுவருக்குள் எங்கே பிய்த்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

கன்சீல்டு டைவர்ட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. என் வீட்டிலேயே பட்டிருக்கிறேன். ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு வாங்கினேன். நான்காம் வருடம் உள்ளே ஒழுகியது. அந்த மாடல் நின்றுவிட்டது, காட்ரிட்ஜ், அதாவது உள்ளே மாற்றும் பாகம், இல்லை என்றார்கள். நாலு டைல்ஸை உடைத்தேன், அதே டைல்ஸும் கிடைக்கவில்லை. இன்றும் அந்தச் சுவரில் வேறு நிறத்தில் நாலு கட்டம் இருக்கிறது, வீட்டுக்கு வருகிறவர்கள் டிசைன் என்று நினைக்கிறார்கள்.

ஷவருக்காகச் சுவரை உடைக்காமலேயே முடிகிற வழி ஒன்று உண்டு. உங்கள் குளிக்கும் சுவரில் பழைய வால் மிக்ஸர் இருக்கிறதா பாருங்கள், அதாவது சூடு, குளிர் இரண்டும் சேர்ந்து வெளியே தெரியும் குழாய். அதன் இரண்டு பாயிண்டுக்கும் நடுவே நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 6 அங்குலம் இருந்தால், சுவருக்கு வெளியே நிற்கும் ஷவர் கம்பம் (கடையில் 'ஷவர் காலம்' என்பார்கள்) ஒன்றை நேரடியாக அதிலேயே மாட்டலாம். ஒரு உளி கூட வேண்டாம். 6 அங்குலத்தில் அரை அங்குலம் கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை, மிக்ஸரோடு வரும் கோணல் கப்ளிங்கைத் திருப்பினால் சரியாகிவிடும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் முடியாது. "நெம்பி மாட்டிடலாம் சார்" என்றால் விடாதீர்கள், சுவருக்குள் இருக்கும் எல்போ (குழாய் வளைவு) விரிசல் விடும். இரண்டு பாயிண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இடது பக்கம் சூடா என்றும் பாருங்கள். பழைய வீடுகளில் மாறிக் கிடக்கும். சுவரில் இப்போது அரை அங்குல பித்தளை மறை இருந்தால் நல்லது, வெறும் பிளாஸ்டிக் மறையாக இருந்தால் இந்த வழியை மறந்துவிடுங்கள், இறுக்கும்போதே உடையும். இத்தனையும் பொருந்தினால், அரை நாளில் உங்கள் கையாலேயே முடித்துவிடலாம்.

மாட்டும் முன் வால்வைத் திறந்து அரை நிமிடம் தண்ணீரை வீணாக ஓட விடுங்கள். குழாய்க்குள் இருக்கும் மண்ணும் பசைத் துணுக்கும் வெளியே வரட்டும், இல்லையென்றால் முதல் நாளே ஷவர் அடைக்கும். டெஃப்லான் டேப்பை மறையின் திசையிலேயே பத்துப் பன்னிரண்டு சுற்று. புதுக் குழாய் போட்டிருந்தால், பசை ஒரு நாள் காய்ந்த பிறகு கை பம்ப்பால் பிரஷர் ஏற்றி, இரவு முழுக்க பிரஷர் காட்டும் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் சுவரை மூட வேண்டும். மூடும் முன் அளவு நாடாவை வைத்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீசர் வயரிங்கில் கை வைக்காதீர்கள். உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்). இதில் பேரம் இல்லை.

பொருளை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள். பிளம்பர் கூட்டிப்போகும் கடையில் அவருக்கு ஒரு பங்கு இருப்பது வழக்கம், அது உங்கள் பில்லில்தான் ஏறும். பில் என்றதும் நினைவு வருகிறது: துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதை வாங்காதீர்கள். அதைக் காட்டி வாரண்டி கேட்டால் கம்பெனியில் சிரிப்பார்கள். சரியான பில்லைக் காட்டினாலும் நாலு முறை போன் செய்ய வைப்பார்கள் என்பது வேறு கதை. டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள்.

கண்ணாடித் தடுப்பு 5 அடி அகலத்தில் வேண்டாம், முழங்கை இடிக்கும். போர்வெல் தண்ணீர் என்றால் ஒரே மாதத்தில் கண்ணாடி உப்புப் பூத்து வெளுக்கும். உடனே வீட்டில் ஆசிட் பாட்டிலை எடுப்பார்கள். அது டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டைத் தின்றுவிடும், மறுபடி கீழே ஓதம். குளிக்கும் பக்கத்துத் தரையை மட்டும் ஒரு அங்குலம் இறக்கிப் போடச் சொல்லுங்கள், ஒரு பிளாஸ்டிக் திரை போதும். ஷவரில் உப்புப் படிந்தால் வினிகரில் ஊற வையுங்கள். விரலால் தேய்த்தாலே உப்பு உதிரும் ரப்பர் முனை உள்ள ஷவராகப் பார்த்து வாங்கினால் அதுவும் அடிக்கடி தேவைப்படாது.